மதினி வீட்டு ஈ

குருவம்மாளைத் தேனீ கொட்டினால் வீங்குவது நின்றுபோய் ஏழெட்டு வருஷமாகிவிட்டது. சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். கொடுக்கை நகத்தால் வழித்துப் போட்டுவிட்டு பெட்டியின் அடுத்த அடைச் சட்டத்தைத் தூக்கிப் பார்க்கப் போய்விடுவாள். அவள் புருஷன் வீரபாண்டிக்கு மட்டும் இன்னும் ஒரு கொட்டுக்கே முகம் பானையாகிவிடும். ஏலக்காய் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவன். எந்தக் கொண்டையூசி வளைவுக்கும் பயப்படாதவன். தேன் பெட்டி இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். தேனை மட்டும் தோசைக்குத் தொட்டுக்கொள்வான், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

உடும்பஞ்சோலைக்குக் கீழே சரிவில் அவர்களுக்கு மூன்று ஏக்கர் ஏலம் இருந்தது. ஏலச்செடிகளுக்கு நடுவே கல் அடுக்கி அதன்மேல் பதினாலு தேன் பெட்டி வைத்திருந்தாள் குருவம்மாள். கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவு முழுக்க எஸ்டேட். எஸ்டேட் வேலைக்காரர்களுக்கான லைன் வீடுகளில் கடைசி வீட்டில் வேலுத்தாய் இருந்தாள். வீரபாண்டிக்கு உடன்பிறந்த அக்கா, குருவம்மாளுக்கு மதினி. புருஷன் மரம் விழுந்து செத்த பிறகு அவளை அந்த வீட்டில் எஸ்டேட் விட்டுவைத்திருந்தது இரக்கத்தினால் அல்ல. அவளிடம் முப்பது பெட்டி தேனீ இருந்தது.

ஏலப்பூ பொல்லாத பூ. செடியின் மேலே பூக்காது; அடியில் தரையோடு படர்கிற சரத்தில் பூக்கும். விடிகிற நேரத்துக்கு விரியும், மறுநாளைக்குள் வாடி விழுந்துவிடும். அந்த ஒரு பகலுக்குள் ஈ வந்து உட்கார்ந்து எழுந்தால்தான் காய். இல்லாவிட்டால் வெறும் காம்பு. இது மேனேஜருக்கும் தெரியும். "தேனீ இருக்கிற வரைக்கும் அந்த வீடு உனக்கு" என்று அவர் வேலுத்தாயிடம் ஒருமுறை சொல்லியிருந்தார். அதை அவள் மறந்ததில்லை. முப்பது பெட்டியையும் அவள் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், அந்த வீட்டின் முப்பது தூண்களைத் துடைப்பது போலத்தான் இருக்கும்.

மதினிக்கும் குருவம்மாளுக்கும் ஆகாது என்று சொல்ல முடியாது. ஆகும் என்றும் சொல்ல முடியாது. குருவம்மாளின் முதல் பெட்டி மதினியிடமிருந்து பிரித்து வந்தது. அதை வேலுத்தாய் பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை, நடுவில் கோபம் வருகிறபோதெல்லாம் ஒரு தடவை சொல்லிக்காட்டுவாள். "நான் குடுத்த ஈயில தின்ன சோறுடி இது" என்பாள். சோற்றை அள்ளி வாயில் வைத்துக்கொண்டே சொல்வாள்.

எமர்ஜென்சி வந்த வருஷம் அது. ஆனி மாதம் பிறந்த வாரத்தில் குருவம்மாள் ஒரு பெட்டியைத் திறந்தாள். புளித்த வாடை அடித்தது. வெள்ளையாகச் சுருண்டு படுத்திருக்க வேண்டிய புழுக்கள் அறைக்குள் மஞ்சளாக முறுக்கிக்கொண்டு செத்துக் கிடந்தன. குச்சியால் எடுத்தால் கூழாக வந்தன. நாலு நாளில் பக்கத்துப் பெட்டி. பிறகு அதற்கடுத்தது.

வண்டிப்பெரியாரிலிருந்து தேனீ இன்ஸ்பெக்டர் அமிர்தநாதன் வந்து பார்த்தார். நாகர்கோவில்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் பேசும்போது எதிரே இருக்கிறவர்களைப் பார்க்கமாட்டார், பெட்டியைப் பார்த்துத்தான் பேசுவார்.

"புழு அழுகல் நோயிம்மா. மருந்து கெடையாது பாத்துக்கிடுங்க. பெட்டி, சட்டம், அடை அம்புட்டையும் தீ வச்சிரணும். தேனைக் குழி தோண்டிப் பொதச்சிரணும்."

"தேனையுமா சார்?"

"மனுசன் தின்னா ஒண்ணும் செய்யாது." விரலால் தொட்டு நக்கிக்கூடக் காட்டினார். "ஆனா வேற ஈ தின்னா நோயி ஒட்டிக்கிடும். உங்க பெட்டித் தேன் அடுத்தவிய பெட்டிக்குப் போவப்பிடாது. சட்டம், கத்தி, பொகைச்சட்டி, எதுவும் போவப்பிடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினாள். பதினாலு பெட்டியையும் அவளே எரித்தாள். மெழுகு உருகி ஓடி எரிந்தபோது ஒரு மணம் வந்தது. கோயிலில் நிற்பது மாதிரி இருந்தது. அதை நினைத்தால் அவளுக்கு இன்றும் எரிச்சல் வரும். குழியும் தோண்டினாள். தேன் இரண்டு பெரிய பிஸ்கட் டின்கள் நிறைய இருந்தது. மூடியைத் திறந்து குழிக்குமேல் சாய்த்தாள். கை சாயவில்லை. இன்ஸ்பெக்டரே நக்கிப் பார்த்த தேன். சாமிக்கு ஊற்றுகிற தேன். அதை மண்ணில் கவிழ்க்கிற கை அவளுக்கு இல்லை. குழியை வெறும் மண்ணால் மூடிவிட்டு, டின்களைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

அந்தப் புகை எதிர்ச்சரிவில் தெரிந்த அன்றே வேலுத்தாய் ஓடைக்கரைக்கு வந்துவிட்டாள். தாண்டவில்லை. அந்தப் பக்கமே நின்று கத்தினாள்.

"ஏ குருவம்மா! நீ இங்கிட்டு வராத, நான் அங்கிட்டு வரல. அம்மை போட்ட வீடு மாதிரி வச்சுக்குவோம். ஓம் பொட்டி நல்லாகுற வரைக்கும் ஒரு செம்பு கூட இந்த ஓடையைத் தாண்டப்படாது. கேட்டுதா?"

"பொட்டியே இல்ல மதினி, எரிச்சிட்டேன்."

"கையி இருக்குல்ல, சேலை இருக்குல்ல" என்றாள் வேலுத்தாய். திரும்பிப் போய்விட்டாள்.

சொன்னால் சொன்னதுதான். வீரபாண்டி எஸ்டேட்டில்தானே ஜீப் ஓட்டுகிறான். அவனைக்கூட வீட்டு வாசலில் ஏற விடவில்லை. தம்பி கூப்பிட்டால் ஜன்னல் வழியாகப் பேசினாள்.

அது போகட்டும். பத்து நாள் கழித்து அவர்களின் ஒரே மகள் ராமுத்தாய் பெரியவளானாள். பதின்மூன்று வயது. சடங்குக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற முதல் கை அத்தையின் கை. அது அத்தையின் பாத்தியதை. வேறு யாரும் தொடக்கூடாது. வீரபாண்டியே ஓடைக்கரைக்குப் போய்க் கூப்பிட்டான். "என்னால வர முடியாது தம்பி" என்றாள் வேலுத்தாய். "பொட்டிக்கு ஆகாது. சீரு பெறகு செய்யிறேன்."

"பொட்டி பெருசா, புள்ள பெருசா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளாம். வீரபாண்டி வந்து அப்படித்தான் சொன்னான்.

கடைசியில் லைன் வீட்டுக் கிழவி ஒருத்தி, சொந்தமும் இல்லை, ஜாதியும் இல்லை, அவள்தான் ராமுத்தாயின் தலையில் தண்ணீர் ஊற்றினாள். பெண் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். "அத்தை வரலையாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஈக்குக் கொடுத்த மரியாதையை என் பிள்ளைக்குக் கொடுக்கவில்லையே என்று குருவம்மாளுக்கு எரிந்தது. அன்றிலிருந்து வீரபாண்டி அக்காவிடம் பேசுவதை விட்டான். குருவம்மாள் எதிர்ச்சரிவைப் பார்ப்பதையே விட்டாள்.

ஆனால் ஏலம் யாருடைய கோபத்துக்கும் நிற்காது. ஆனி கடைசியில் சரங்கள் நிறையப் பூத்தன. வெள்ளைப் பூவில் ஊதாக் கோடு, பார்க்க அழகுதான். ஈ இல்லை. காட்டு ஈ ஒன்றிரண்டு வரும், போகும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் காலையில் விரிந்த பூவெல்லாம் தரையில் வாடிக் கிடக்கும். ஐந்து நாள் பார்த்தாள். ஐந்து நாளும் வெறும் காம்பு. இப்படியே போனால் அந்த வருஷம் ஒரு படி ஏலக்காய் தேறாது.

மழைநாளில் ஈ மந்தமாக இருந்தால் அந்த மலையில் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உண்டு. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பிடி புல்லை அதில் முக்கி, மழை விட்ட நேரத்தில் பூச்சரத்தின்மேல் தெளிப்பார்கள். இனிப்பு வாசனைக்கு ஈ தேடிக்கொண்டு வரும். ஒன்று வந்து ருசி கண்டால் போய்க் கூட்டத்தையே கூட்டிவரும். குருவம்மாளும் கருப்பட்டியைத்தான் தேடினாள். பானையில் இரண்டு சில்லுதான் இருந்தது. கட்டிலுக்கு அடியில் இரண்டு டின் தேன் இருந்தது.

அவள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இதை ஒருதடவை சொல்லிவிட வேண்டும். "உங்க பெட்டித் தேன் அடுத்தவர் பெட்டிக்குப் போகக்கூடாது" என்றுதானே இன்ஸ்பெக்டர் சொன்னார்? அவள் எந்தப் பெட்டிக்கும் கொண்டுபோகவில்லையே. பூவுக்குத்தானே தெளிக்கிறாள். பூவிலிருந்து வந்த தேன், திரும்பப் பூவுக்கே போகிறது. மண்ணில் கொட்டுவதைவிட அது மேல் அல்லவா? அவளுக்கு அது புண்ணியமாகவே பட்டது.

ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு செம்பு தேன். முதல் நாள் கீழ்ச்சரிவு. மறுநாள் மேலே. மூன்றாம் நாள் காலையில் தோட்டம் இரைந்தது. குனிந்து பார்த்தாள்: சரத்துக்குச் சரம் ஈ. பலா மரப் பொந்தில் இருக்கிற காட்டு ஈ வந்திருந்தது. ஏலக்காய் ஸ்டோர்ச் சுவரின் ஓட்டையில் இருக்கிற கொசுத்தேனீ வந்திருந்தது. பாறையில் கூடு கட்டுகிற மலைத்தேனீகூட இரண்டு மூன்று. மற்றதெல்லாம் ஓடையைத் தாண்டி வந்தது. கூட்டமாக வந்து, குடித்து, கூட்டமாக எதிர்ச்சரிவுக்குத் திரும்பியது. முப்பது பெட்டி ஈ அது. வேறு எங்கிருந்து வரும்?

வீரபாண்டி தூர நின்று வேடிக்கை பார்த்தான். "என்ன புள்ள, திருவிழாவா இருக்கு?"

குருவம்மாளுக்கு அன்று சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "ஓங்க அக்கா வராட்டிப் போறாக. அவுக வீட்டு ஈ வருதுல்ல, அது போதும்" என்றாள். வீரபாண்டியும் சிரித்தான். அன்றைய பூ எல்லாம் காய் பிடித்தது. பதினோரு நாள் தெளித்தாள். இரண்டு டின்னும் தீர்ந்தது. டின்களைக் கழுவி அரிசி போட்டு வைத்தாள்.

ஆடி நடுவில் அமிர்தநாதன் மறுபடி வந்தார். இந்தத் தடவை குருவம்மாள் வீட்டு வாசலில் நின்று, "ஏம்மா, கொஞ்சம் கூட வாறியளா? எஸ்டேட்டு பெட்டியில நோயி. எரிக்கதுக்குக் கூட ஒரு கை வேணும். உங்களுக்குத்தான் பழக்கம்" என்றார்.

ஓடையைத் தாண்டும்போது அவளுக்குச் சந்தேகம் ஒன்றும் தோன்றவில்லை. பாவம் மதினி என்று தோன்றியது. கொஞ்சம், கடுகளவு, நன்றாக வேண்டும் என்றும் தோன்றியது. அதைப் பிற்பாடு அவள் தனக்குள்ளேயே பலதடவை ஒப்புக்கொண்டாள்.

வேலுத்தாய் பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். ஆள் பாதியாக இருந்தாள். குருவம்மாளைப் பார்த்து, "வாடி" என்றாள். அவ்வளவுதான். இனி எதற்குத் தடுக்க வேண்டும்? இருபது பெட்டியில் அதே புளித்த வாடை. அங்கிருந்த மற்ற பெட்டிகளில் ஈ கூட்டைவிட்டே ஓடிப்போயிருந்தது.

"யாருகிட்ட சட்டம் வாங்கினிய?" என்றார் அமிர்தநாதன், ஒரு பெட்டியைப் பார்த்து.

"யாருகிட்டயும் வாங்கல சார்."

"இவிய வீட்டுக்குப் போயிட்டு வந்தியளா?"

"சார், என் தம்பி மக சடங்கு. அத்தைக்காரி நான். அதுக்கே போகல."

"போவாம நோயி எப்பிடிம்மா வரும்? ஏதோ ஒளிக்கிய. நான் ரிப்போர்ட்ல என்ன எழுத? கவனக் கொறைவுண்ணுதான் எழுதணும்."

வேலுத்தாய் மேற்கொண்டு வாதாடவில்லை. அதுதான் குருவம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது. யாரிடமும் தோற்காத வாய் அது.

எரித்து முடித்துக் கீழே இறங்கும்போது, ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிற பலா மரத்தடியில் அமிர்தநாதன் நின்றார். மூக்கை உறிஞ்சினார். மரப்பொந்தில் காட்டு ஈ கூடு வைத்து எத்தனையோ வருஷம். யாரும் அதைத் தொட்டதில்லை. பொந்து ஆள் உயரத்துக்கு மேலே, கை நுழையாத அளவு. அடியில் செத்த புழுக்களை ஈ இழுத்துப் போட்டிருந்தது. மஞ்சளாக, முறுக்கிக்கொண்டு.

"இதுக்கு எவன் சட்டம் குடுத்தான்?" என்று தலையைச் சொறிந்தார். "பெட்டிக்குள்ள போவாம ஈயும் ஈயும் எங்க சந்திக்கும்? பூவுலதான் சந்திக்கும். பூவுல உக்காந்து எந்திரிச்சா ஒட்டுமா? நான் படிச்ச பொஸ்தகத்துல அப்பிடி இல்ல கேட்டியளா..."

அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டே போய்விட்டார். குருவம்மாள் அங்கேயே நின்றாள். உடும்பஞ்சோலை பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடை உண்டு. ஒரே வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து, எல்லோருக்கும் அதே கிளாஸில் டீ தருவான். காசநோய்க்காரன் குடித்ததும் அதுதான், கைக்குழந்தைக்காரி குடித்ததும் அதுதான். ஒரு பூவுக்கு ஒரு பகலில் எத்தனை வாய் வரும்? பலாப்பொந்து ஈ ஒரு வாய், மதினி வீட்டு ஈ ஒரு வாய், கொசுத்தேனீ ஒரு வாய். அந்தக் கிளாஸில் பதினோரு நாள் தன் கையாலேயே ஊற்றி வைத்திருக்கிறாள்.

அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. பயம் வரும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை. கொட்டு வாங்கிய கை போல உள்ளே ஏதோ வீங்காமலே இருந்தது.

வீட்டுக்குப் போய் அரிசி டின்னைத் திறந்து உலை வைத்தாள். ராமுத்தாய்க்குச் சடை பின்னினாள். வீரபாண்டி ஏதோ கேட்டான், "ம்" என்றாள். மறுநாளும் அப்படியே. ஏலக்காட்டில் களை வெட்டினாள், பூவைப் பார்த்தாள், காய் நன்றாகப் பிடித்திருந்ததைப் பார்த்தாள். குழம்பில் உப்பு இல்லை என்று புருஷன் சொன்னபோது உப்பை எடுத்துப் போட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இன்ஸ்பெக்டரிடம் சொன்னால் ரிப்போர்ட் மாறும். மேனேஜரிடம் மதினி பேர் கெடாது. ஆனால் தெரிவதற்கும் வாய் திறப்பதற்கும் நடுவே ஓடையைவிடப் பெரிதாக ஏதோ இருந்தது. அதன் இந்தக் கரையிலேயே ஒன்பது நாள் நின்றாள்.

ஒன்பதாம் நாள் வீரபாண்டி வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"அக்காவை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டானுக. ரிப்போர்ட்டு வந்திருச்சாம். இந்த மாசக் கடைசி வரைக்கும்தான்."

குருவம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோவமெல்லாம் வேற. எங்கிட்டுப் போகும் அது? இங்கன வந்து இருக்கச் சொல்லவா?"

"சொல்லுங்க" என்றாள் குருவம்மாள்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் சாரல் விட்டிருந்தது. வேலுத்தாய் ஓடையைத் தாண்டி மேலே ஏறி வந்தாள். தலையில் சும்மாடு வைத்து ஒரு தேன் பெட்டி. கையில் துணி மூட்டை. ஈ அடைந்த பிறகுதான் பெட்டியை இடம் மாற்ற முடியும். அதனால்தான் அந்த நேரம். பெட்டியின் வாசலைப் பழைய வேட்டித் துணியால் அடைத்திருந்தாள்.

குருவம்மாள் கை கொடுத்து இறக்கினாள். பெட்டி கனமாக இருந்தது. உள்ளே இரைச்சல் சீராக இருந்தது. நோய்ப் பெட்டி இப்படி இரையாது.

"இது ஒண்ணுதான் தப்பிச்சுது" என்றாள் வேலுத்தாய், மூச்சு வாங்கியபடி. "மேல தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல புல்லுமேட்டுல வச்சிருந்தேன். ஏலமே கெடையாது அங்க. அந்த நோஞ்சான் பொட்டி அங்கன கெடந்து பொழைச்சுக்கட்டும்னு விட்டது. பாத்தியா, அதுதான் இருக்கு."

ராமுத்தாய் கதவோரம் வந்து நின்றாள். வேலுத்தாய் மூட்டையை அவிழ்த்தாள். பச்சைப் பட்டுப் பாவாடை, ஒரு ஜோடிக் கொலுசு, மஞ்சள், வாழைப்பழம். அத்தை செய்ய வேண்டிய சீர்.

"எல்லாம் என் தப்புதாண்டி குருவம்மா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த இன்ஸ்பெக்டருக்குத் தெரியல. யோசிச்சுப் பாத்தேன், ஒரு பொருளு வாங்கல, ஒரு ஆளை அண்டவிடல. அப்பறம் எப்பிடி வந்துச்சு? இந்தப் புள்ள தலைக்குத் தண்ணி ஊத்தாம இருந்தேன்ல. எவளோ ஊத்துனா. அந்தப் பாவம்தான் வந்துச்சு. வேற ஒண்ணுமில்ல." அவள் அழாமல் சொன்னாள், சந்தை விவரம் சொல்கிற மாதிரி. "இந்தப் பொட்டியை ராமுத்தாய்க்குத்தான் குடுக்கப் போறேன். இங்கன வையி. ஓங் காட்டுல பூவு நெறைய இருக்குல்ல, நாலு மாசத்துல நாலாப் பிரிச்சுரலாம்."

குனிந்து வாசல் துணியைப் பிடித்தாள். இழுத்தால் போதும். விடிந்ததும் உள்ளே இருக்கிறவை வெளியே வரும். பத்தடி தள்ளி முதல் ஏலச்செடி. பலாப்பொந்தின் மிச்ச ஈ இன்னும் அந்தப் பூக்களுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அன்று காலையில்கூடக் குருவம்மாள் பார்த்தாள்.

"தொறக்காதீக மதினி."

வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் தேனைப் பொதைக்கல" என்றாள் குருவம்மாள். தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நோய்ப் பொட்டித் தேனு. ரெண்டு டின்னு இருந்துச்சு. தண்ணியில கலந்து பூவுல தெளிச்சேன். எல்லா ஈயும் வந்துச்சு. ஓங்க ஈயும் வந்துச்சு. வரணும்னுதான் தெளிச்சேன். நோயி பூவுல இருந்துதான் போயிருக்கு மதினி. பாவமெல்லாம் இல்ல. நாந்தான்."

வீரபாண்டி எழுந்தான், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றான். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று குருவம்மாள் காத்திருந்தாள். அது வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"எத்தனை நாளு தெளிச்ச?"

"பதினோரு நாளு."

"எப்ப?"

"சடங்கு முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு."

வேலுத்தாய் விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தாள். துணியைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். ராமுத்தாயை ஒருதடவை பார்த்தாள்.

"அப்ப சடங்குக்கு நான் வந்திருக்கலாம்" என்றாள்.

வேலுத்தாய் பெண்ணைக் கிட்டே கூப்பிட்டு, கொலுசைத் தானே மாட்டிவிட்டாள். திருகு சரியாக விழவில்லை. இரண்டு தடவை திருகினாள். பாவாடையை அவள் கையில் வைத்தாள். பிறகு சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "தூக்கி விடுடி" என்றாள் குருவம்மாளிடம்.

"எங்க போறீக?"

"போடிக்கு. கடைசி பஸ் இருக்கும். கொழுந்தனார் தென்னந்தோப்புல வச்சுக்கிறேன். அங்க ஏலம் இல்ல."

வீரபாண்டி ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். குருவம்மாள் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். வைக்கும்போது இருவர் கையும் பட்டது. வேலுத்தாய் கையை இழுத்துக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. பாதை வளைவில் வெள்ளைத் துணி அடைத்த பெட்டி கொஞ்ச நேரம் தெரிந்தது.

மறுநாள் விடிவதற்கு முன் குருவம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு கீழ்ச்சரிவுக்குப் போனாள். குனிந்து, அன்றைக்கு விரிந்த ஏலப்பூக்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கூடையில் போட்டாள். ஒரு செடி முடிந்து அடுத்த செடி. ஈ வருவதற்குள் எத்தனை முடிகிறதோ அத்தனை. வெயில் ஏறிய பிறகு வீரபாண்டி வந்து பார்த்துவிட்டு, "பைத்தியமா புள்ள ஒனக்கு? இனிமே ஒரு காய் புடிக்காதே" என்றான். அவள் நிமிரவில்லை. அவன் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

கூடை நிறைந்தபோது அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய்த் தீயில் போட்டாள். ஈரப் பூ, எரியவில்லை, புகைந்தது. ராமுத்தாய் கொலுசுச் சத்தத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்கும் பறிக்கணுமாம்மா?" என்று கேட்டாள்.

"பூக்கிற வரைக்கும்" என்றாள் குருவம்மாள்.